வாசிப்பதற்கா, பார்ப்பதற்கா? இசைச் சஞ்சிகைப் பக்கங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எமது பாடசாலைத் தமிழ் மன்றம் ஆண்டுதோறும் மலர் ஒன்றை வெளியிட்டு வருகிறது. அண்மையில் வெளிவந்த மலருக்காக உயர்தர வகுப்பு மாணவர் சிலர் அயற்கிராமத்துத் தவில் வித்துவான் ஒருவரைப் பேட்டி கண்டு வந்தனர். எழுதியெடுத்த பேட்டி நன்றாகவே இருந்தது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாகத் திருவிழாக்கள் நின்றுபோன மாதங்களில், மேசன் ஒருவருக்குக் கையாளாகச் சென்று சீமெந்து குழைத்ததாகவும், அதன்பின் சில காலம் விரல்கள் தவிலுக்கு இணங்க மறுத்ததாகவும் அக்கலைஞர் கூறியிருந்தார். பேட்டி முழுவதற்கும் உயிர்நிலை அந்த வாசகமே என்பது எமது எண்ணம்.

மாணவன் ஒருவன் அதனைக் கணினியில் இரு பக்கங்களாக அமைத்துக் கொண்டுவந்தான். இரு பக்கங்களையும் நிறைத்து வித்துவானின் படம். பின்னணி முழுவதும் கருமை. அக்கருமையின்மேல் சாம்பல் நிறத்திற் சிற்றெழுத்துக்கள். தவிலின்மேல் எழுந்திருந்த வலக்கை, இரு பக்கங்களும் சந்திக்கும் நடுமடிப்பில் அகப்பட்டு மறைந்து போயிருந்தது. “வித்துவான் சொன்னதை எப்படி வாசிப்பது?” என்று கேட்டோம். “இது வாசிக்கிறதுக்கு இல்லை சேர், பார்க்கிறதுக்கு” என்றான் மாணவன். தான் முன்மாதிரியாகக் கொண்ட மேனாட்டு இசைச் சஞ்சிகைப் பக்கங்களின் படங்களையும் எடுத்துக் காட்டினான்.

அவனை நாம் கடிந்துகொள்ளவில்லை. ஏனெனில் அந்த விடை அவனுடையதன்று. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்த ஒரு மாற்றத்தின் முடிவையே அவன் அறியாது எடுத்துரைத்தான். இசைக் கலைஞரைப் பற்றிய கட்டுரையை வாசிப்பதற்கென அமைத்த காலம் ஒன்றிருந்தது. அது பார்ப்பதற்குரிய பொருளாக எவ்வாறு மாறியது? மாற்றியவர் யாவர்? யாருடைய நலனுக்காக அது மாறிற்று? உருவம், உள்ளடக்கம் என்று இலக்கியத்தில் நாம் ஓயாது வாதிடுகின்றோம். அச்சிட்ட பக்கத்திற்கும் அவ்வாதம் பொருந்தும் என்பதை ஏனோ மறந்துவிடுகின்றோம்.

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். சஞ்சிகையை விரித்தவுடன் நம் கண்முன் தோன்றுவது ஒரு பக்கமன்று; இரு பக்கங்கள் சேர்ந்த ஒரு பரப்பு. இதழின் தலைமைக் கட்டுரை இத்தகைய இரட்டைப் பக்கத்திலேதான் தொடங்கும். பெரிய தலைப்பு, அதன்கீழ் இரண்டொரு வரியில் அறிமுகம், எழுதியவர் பெயர், படம் பிடித்தவர் பெயர், கட்டுரையின் முதற்பகுதி, கலைஞரின் படம் என்பனவே அதன் உறுப்புகள். எது பெரிது, எது சிறிது, எது முதலிற் கண்ணிற்படும் என்பதைத் தீர்மானிப்பவர் பக்க அமைப்பாளர்.

ஆனால், அவர் சுயாதீனமாகத் தீர்மானிப்பதில்லை. வணிகச் சஞ்சிகையின் வருவாயிற் பெரும்பங்கு விளம்பரத்திலிருந்தே வருவது. வாசகர் கண் முதலிற் பதியும் வலப்பக்கத்தை விளம்பரகாரர் விரும்பிக் கேட்பர். எனவே விளம்பரம் இல்லாத ஓர் இரட்டைப் பக்கத்தை ஒரு கட்டுரைக்கு ஒதுக்குவது பணத்தை விட்டுக்கொடுப்பதாகும். அதை ஈடுசெய்யும் வழியும் வழக்கத்தில் உண்டு. கட்டுரையின் தொடக்கம் விசாலமான பக்கங்களில் அமையும். எஞ்சிய பகுதி இதழின் பின்புறத்தில், விளம்பரங்களுக்கிடையே ஒடுங்கிய நிரல்களில் ஓடும். கட்டுரையைத் தேடிச் செல்லும் வாசகர் வழியெங்கும் விளம்பரங்களைக் கடந்தே செல்லவேண்டும். இவ்வாறு கலைஞர், வாசகர், பணம் செலுத்துபவர் ஆகிய மூவருக்கிடையிலான உறவு ஒவ்வோர் இரட்டைப் பக்கத்திலும் பதிந்து கிடக்கிறது.

ஈய எழுத்துக் காலத்தில் இப்பிரச்சினை இவ்வளவு கூர்மையாக எழவில்லை. லண்டனில் 1926இல் தொடங்கிய ‘மெலடி மேக்கர்’ நடன வாத்தியக் குழுக்களில் வாசிப்போருக்கான தொழிற் சஞ்சிகையாகவே பிறந்தது. சிக்காகோவில் 1934இல் ‘டவுன் பீற்’ தோன்றியது. 1952இல் லண்டனில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ வந்தது. இவற்றின் பக்கங்களைக் கட்டியவர் அச்சுக்கோப்பாளர். ஈயத்தில் வார்த்த வரிகளை நிரல் நிரலாக இரும்புச் சட்டத்துள் இறுக்குவது அவர் தொழில். படம் வேண்டுமாயின் அதற்கெனப் புளொக் செய்விக்கவேண்டும். அதற்குத் தனிச் செலவு. எழுத்தின்மேற் படத்தையும் படத்தின்மேல் எழுத்தையும் விருப்பம்போல் ஏற்ற உலோகம் எளிதில் இடங்கொடாது. ஆகவே நேரான நிரல்களும் சிறிய முகப் படங்களும் அப்பக்கங்களின் இயல்பாயின. அன்றைய ஒழுங்கை ஓர் அறக் கொள்கையாக நாம் புகழவேண்டியதில்லை. உலோகத்தின் கனமே அதற்குக் காரணம்.

1960களில் ஓவ்செற் அச்சு மலிவாகப் பரவியது. தட்டெழுத்திலோ ஒளியெழுத்திலோ அமைத்த வாசகத்தைக் கத்தரித்து, படத்தோடு அட்டையில் ஒட்டி, அதனைப் புகைப்படமெடுத்துத் தகடாக்கினால் அச்சிடலாம். பெரும் அச்சகமும் பெருமுதலும் இல்லாத இளைஞரும் பத்திரிகை நடத்த வழி பிறந்தது. வியட்நாம் யுத்தத்தை எதிர்த்த எத்தனையோ சிறு பத்திரிகைகள் இவ்வழியாற் பிறந்தன. சான் பிரான்சிஸ்கோவில் 1966 முதல் 1968 வரை வெளிவந்த ‘ஒராக்கிள்’, ஒரே உருளையிற் பல மைகளை அடுத்தடுத்து ஊற்றி வானவில்போல் நிறங்கள் கலந்தோடும் பக்கங்களை அச்சிட்டது. லண்டனில் 1967இல் வரத்தொடங்கிய ‘ஓஸ்’ சஞ்சிகையும் சித்திரத்தின்மேல் வாசகத்தை ஏற்றி, நிறத்தின்மேல் நிறத்தைப் பூசியது. அவற்றின் சில பக்கங்களை வாசிப்பது கடினம். அக்கடினத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. யுத்தத்தை நடத்தியவர்களின் ஒழுங்கான பத்திரிகைகளைப்போல் தாமும் தோற்றமளிக்க அவ்விளைஞர் விரும்பவில்லை.

இதே சான் பிரான்சிஸ்கோவில், இதே சூழலில், 1967 நவம்பர் 9ஆந் திகதியிட்ட முதல் இதழுடன் ‘ரோலிங் ஸ்ரோன்’ தோன்றியது. அதன் நிறுவகர் இருவர்: இருபத்தொரு வயதினரான யான் வெனர், ஐம்பது வயதினரான இசை விமரிசகர் ரால்ப் கிளீசன். கடனாகப் பெற்ற 7,500 டொலரே மூலதனம். ஓர் அச்சகத்தின் மேல்மாடியே அலுவலகம். பத்திரிகைத் தாளில் அச்சிட்டு மடித்த அவ்விதழின் விலை 25 சதம்.

ஒராக்கிளின் வானவில்லை அது பின்பற்றாமை கவனிக்கத்தக்கது. வெனர் முன்னர் பணியாற்றிய ‘சண்டே ராம்பார்ட்ஸ்’ பத்திரிகையின் அமைப்பையே அது பெரும்பாலும் மேற்கொண்டது. யுத்த எதிர்ப்பிற் பெயர்பெற்ற ‘ராம்பார்ட்ஸ்’ சஞ்சிகையின் கலை இயக்குநர் டூகால்ட் ஸ்ரேமர். மரபான நூல்களில் நாம் காணும் அமைதியான எழுத்துருவும், சீரான நிரல்களும், மெல்லிய கோட்டு எல்லைகளும் அவருடைய பாணி. அரசாங்கத்தை உலுக்கும் செய்தியைச் சத்தமிடாத உருவத்தில் அளித்தால் அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ரொக் இசையை விடலைகளின் கூச்சல் என்று பெரியோர் இகழ்ந்த காலத்தில், ‘ரோலிங் ஸ்ரோன்’ அந்த அடக்கமான உடையை அதற்கு அணிவித்தது. இவ்விசை ஆராய்ந்து வாசிக்கத்தக்கது என்று ஆசிரியத் தலையங்கம் சொல்லுமுன்பே பக்கம் சொல்லிவிட்டது.

முதல் இதழின் முகப்பில் யுத்தத்தை எள்ளிய திரைப்படம் ஒன்றிற் போர்வீரனாக நடித்த ஜோன் லெனன், தலைக்கவசத்துடன் காட்சியளித்தார். அதனினும் முக்கியமானது அதே இதழில் மைக்கேல் லைடன் எழுதிய கட்டுரை. 1967 யூனில் மொன்ரரேயில் நடந்த பெரும் இசை விழாவிற் கலைஞர் மிகப் பலர் ஊதியமின்றிப் பங்குபற்றினர். அவ்விழாவின் பணம் எங்கே போயிற்று என்று லைடன் வினவினார். இசைச் சஞ்சிகையொன்று தன் முதல் இதழிலேயே கணக்குக் கேட்டது பெருமைக்குரிய செயல். அந்த வினாவை மறைக்கும் படமோ நிறமோ பக்கத்தில் இருக்கவில்லை.

1971 சனவரி 21, பெப்ரவரி 4 ஆகிய இரு இதழ்களில் வெளியான லெனனின் நீண்ட பேட்டியும் இவ்வகையினதே. வினா, விடை, மீண்டும் வினா, விடை என்று நிரல் நிரலாக அது சென்றது. தம் குழுவின் பிரிவு பற்றியும் புகழின் பொய்ம்மை பற்றியும் ஒரு மனிதர் கசந்து பேசுவதைப் பல்லாயிரம் பேர் இருந்து வாசித்தனர். படங்கள் இருந்தன, அவை பேச்சுக்குத் துணையாக நின்றன.

அக்காலத்து இன்னுமொரு செய்தி தொழிலாளர் பிரச்சினையில் அக்கறை உள்ளோருக்குச் சுவையானது. சஞ்சிகையின் முதற் புகைப்படக் கலைஞர் பேரன் வோல்மன் சம்பளம் கேட்கவில்லை. தாம் எடுத்த படங்களின் உரிமை தம்மிடமே இருக்கவேண்டும் என்று கேட்டார். நிறுவனத்தின் பங்குகளையும் பெற்றார். பக்கத்திற் பதியும் படமும் உழைப்பின் பயனே, அதற்கு உடைமையாளர் உண்டு என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்.

காலம் மாறிற்று. 1970களில் வர்ண அச்சு வந்தது. 1973இல் அனி லீபோவிட்ஸ் தலைமைப் புகைப்படக் கலைஞரானார். 1977இல் அலுவலகம் சான் பிரான்சிஸ்கோவை விட்டு, விளம்பர நிறுவனங்களின் தலைநகரமான நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்தது. 1980களின் தொடக்கத்திற்குள் பழைய பத்திரிகைத் தாள் மறைந்து பளபளப்பான தாள் இடம்பிடித்தது. நல்ல தாளில் நல்ல படம் வருவதை நாம் குறைகூறவில்லை. லீபோவிட்ஸ் எடுத்த படங்கள் பல ஒரு கட்டுரை சொல்லக்கூடியதை ஒரே பார்வையிற் சொல்வன. ஆயின், அப்பளபளப்புத் தாளில் மதுவும் சிகரெட்டும் மோட்டார் வண்டியும் பாடகரைப்போலவே அழகாகத் தோன்றின என்பதும் உண்மையே.

இம்மாற்றத்தின் உட்பொருளை விளக்க எமக்கு வேறு சான்று வேண்டியதில்லை. சஞ்சிகையே ஒரு சான்றை விட்டுச் சென்றிருக்கிறது. 1985இல் விளம்பரத் துறையினரை ஈர்ப்பதற்காக ‘ரோலிங் ஸ்ரோன்’ ஒரு விளம்பரத் தொடரைத் தொடங்கியது. மினியாப்பொலிஸ் நகர நிறுவனமொன்று அதனை ஆக்கிக் கொடுத்தது. அதன் உருவம் ஓர் இரட்டைப் பக்கம். இடப்பக்கத்தில் ‘எண்ணம்’ என்ற சொல்லோடு, பலநிறப் பூவேலை தீட்டிய பழைய வான். வலப்பக்கத்தில் ‘உண்மை’ என்ற சொல்லோடு, பளபளக்கும் புதிய மோட்டார் வண்டி. எமது வாசகர் தாடி வளர்த்த வறிய இளைஞர் என்று எண்ணாதீர். அவர் இப்பொழுது கையிற் பணமுள்ளவர், உமது பொருளை வாங்கக்கூடியவர் என்பதே அதன் செய்தி.

இவ்விரு பக்கங்களில் இசையும் இல்லை, கலைஞரும் இல்லை. விற்பனைக்கு வைக்கப்பட்ட பொருள் வாசகர். 1967இல் இசைவிழாவின் பணம் எங்கே போயிற்று என்று வாசகரோடு சேர்ந்து கேட்ட சஞ்சிகை, பதினெட்டு ஆண்டுகளின் பின் அவ்வாசகரின் பணப்பையை விளம்பரகாரருக்குத் திறந்து காட்டியது. இதனைத் தனிமனிதர் சிலரின் துரோகம் என்று மட்டும் கூறுவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். விளம்பரத்தால் வாழும் எந்த ஏடும் தன் வாசகரை எண்ணிக் கணக்கிட்டு விற்றே தீரவேண்டும். எத்தனை அழகான பக்கமும் இந்தப் பொருளாதார அடித்தளத்தின்மேலேயே நிற்கிறது.

அவ்வடித்தளத்தின் மேலிருந்தும் நல்ல கலை பிறக்கலாம் என்பதற்குப் பிரெட் வூட்வேர்ட் சாட்சி. 1987 முதல் 2001 வரை ‘ரோலிங் ஸ்ரோன்’ கலை இயக்குநராக இருந்தவர் அவர். அவரோடு நீண்டகாலம் பணிபுரிந்த கெயில் அண்டர்சன் என்னும் கறுப்பினப் பெண்மணியின் பங்கும் பெரிது. ஒரு பக்கம் நிறைந்த உருவப்படம், எதிர்ப்பக்கத்தில் எழுத்துக்களாலேயே வரைந்த தலைப்பு என்பது இவர்களின் இரட்டைப் பக்க முறை. பழைய சுவரொட்டிகளின் மர எழுத்துக்களைத் தேடியெடுத்தனர்; ஒவ்வொரு கலைஞரின் குரலுக்கும் இயல்புக்கும் ஏற்ப எழுத்தின் பருமனையும் வளைவையும் அமைத்தனர். பக்கத்தைப் பார்த்தவுடன் கட்டுரையை வாசிக்கவேண்டும் என்ற ஆவல் எழும். பார்வை அங்கே வாசிப்புக்கு வாயிலாயிற்று. உருவம் உள்ளடக்கத்தின் வழி நிற்கும்போது கிடைக்கும் பயன் இது.

இனி இங்கிலாந்தை நோக்குவோம். லண்டனில் 1980 மே மாதம் நிக் லோகன் தம் சொந்தச் சேமிப்பைக் கொண்டு ‘த பேஸ்’ சஞ்சிகையைத் தொடங்கினார். 1981 முதல் 1986 வரை அதன் பக்கங்களை வடிவமைத்தவர் நெவில் புரோடி. தலைப்பு எழுத்துக்களைத் தம் கையாலேயே வரைந்தார். சாய்ந்த கோடுகளும் கூரிய குறிகளும் தடித்த பட்டைகளும் பக்கத்தை இயக்கின. ‘உள்ளடக்கம்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை இதழுக்கு இதழ் சிறிது சிறிதாக உடைத்து, இறுதியில் வாசிக்கவே இயலாத குறியாக்கி, அப்பொழுதும் வாசகர் அதனை இனங்காண்கிறாரா என்று சோதித்தார்.

புரோடி கற்றுக்கொண்ட பள்ளிகளுள் ஒன்று சோவியத் புரட்சிக் காலத்து ஆக்கவாதம். மாயாகோவ்ஸ்கியின் ‘லெவ்’ சஞ்சிகைக்கு 1923 முதல் முகப்பு வரைந்த ரொட்சென்கோ, எல் லிஸிட்ஸ்கி முதலியோர் எழுத்தையும் படத்தையும் புதிய சமுதாயத்தின் கருவிகளாக்க முயன்றவர்கள். தடித்த பட்டையும் சாய்ந்த கோடும் அவர்கள் கையில் ஓர் அறைகூவல். அறுபது ஆண்டுகளின் பின், தட்சர் அம்மையாரின் ஆட்சியில், சுரங்கத் தொழிலாளர் 1984-85இல் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து தோற்ற அதே நாட்களில், அக்கோடுகள் பாடகரின் மேலங்கிக்கும் தலைமயிர் அலங்காரத்துக்கும் சட்டமிட்டன.

இதற்காகப் புரோடியை மட்டும் குற்றஞ்சாட்டுவது முறையன்று. சம ஊதியக் கொள்கையைக் காக்கும் பொருட்டு ‘ரைம் அவுட்’ சஞ்சிகையிலிருந்து பிரிந்த ஊழியர், 1981இல் கூட்டுறவாக நடத்தத் தொடங்கிய ‘சிற்றி லிமிட்ஸ்’ வார ஏட்டுக்கும் அவர் வடிவமைத்தார். தம் பாணியை விளம்பர நிறுவனங்களும் கடைகளும் பிரதிபண்ணத் தொடங்கியதைக் கண்டு, 1986இல் வெளிவந்த ‘அரீனா’ சஞ்சிகையில் அலங்காரம் யாவற்றையும் துறந்து, ஹெல்வெற்றிக்கா என்னும் சாதாரண எழுத்துருவுக்குத் திரும்பினார். புரட்சியின் உருவத்தை மட்டும் பெயர்த்தெடுத்தால், சந்தை அதனை விரைவாகத் தனதாக்கிக்கொள்ளும் என்ற பாடத்தை அவர் அனுபவத்திற் பெற்றார் போலும்.

இவ்விடத்தில், வடிவமைப்பு வரலாறுகள் பெரும்பாலும் ஓரமாக ஒதுக்கிவிடும் ஒருவரை நாம் நினைவுகூர வேண்டும். அவர் அச்சுக்கோப்பாளர். நியூயோர்க் அச்சுத் தொழிலாளர் 1962 டிசம்பர் முதல் 1963 மார்ச் வரை 114 நாட்கள் பத்திரிகைகளை நிறுத்தி வைத்தபோது, புதிய இயந்திரங்கள் தம் தொழிலைப் பறிக்கும் என்ற அச்சம் அப்போராட்டத்தின் காரணங்களுள் ஒன்றாக இருந்தது. அவ்வச்சம் பொய்க்கவில்லை. 1984இல் மக்கின்ரொஷ் கணினியும், 1985இல் அதற்குரிய லேசர் அச்சுப்பொறியும் பக்கம் அமைக்கும் மென்பொருளும் வெளிவந்தன. 1986 சனவரியில் ரூபர்ட் மேர்டொக்கின் பத்திரிகைகள் லண்டன் வாப்பிங்கிலுள்ள புதிய ஆலைக்கு மாற்றப்பட்டபோது, வேலைநிறுத்தம் செய்த ஏறக்குறைய 5,500 தொழிலாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். ஓராண்டுக்கு மேல் மறியல் செய்தும் அவர்கள் வெற்றிபெறவில்லை.

பக்க அமைப்பாளர் பெற்ற சுதந்திரத்தின் மறுபுறம் இது. முன்னர் அவர் வரைந்ததை அச்சுக்கோப்பாளர் ஒருவர் பார்த்து, “இந்த வரி வாசிக்க வராது” என்று சொல்லக்கூடும். புறூவ் பார்ப்பவர் இன்னொருவர் இருந்தார். இப்பொழுது ஒருவர், ஒரு திரை, ஒரு சுட்டி. ஒரு தொழிலின் அழிவோடு, பக்கத்தை வாசகரின் சார்பாக நின்று முதலில் வாசித்த கண்களும் நீங்கின.

இச்சூழலிலே டேவிட் கார்சன் தோன்றினார். சமூகவியற் பட்டதாரியான இவர் முன்னர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பது எம்மைப் போன்றோருக்குச் சிறிது வியப்பளிக்கும் செய்தி. 1992இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ‘ரே கன்’ இசைச் சஞ்சிகையை 1995 வரை வடிவமைத்தார். நிரல்கள் ஒன்றன்மேலொன்று ஏறின; வரிகள் பக்கத்தின் விளிம்பில் அறுந்தன; நடுமடிப்பு வாசகத்தை விழுங்கிற்று. 1994இல் பாடகர் பிரையன் பெரியுடனான பேட்டி அவருக்குச் சலிப்பூட்டியதாம். ஆகவே அதனை எழுத்துக்களே இல்லாத, அம்பும் நட்சத்திரமும் கத்தரிக்கோலுமாக அமைந்த ‘ஸாப் டிங்பற்ஸ்’ என்னும் குறியுருவில் அமைத்துவிட்டார். வாசிக்கத்தக்க வடிவம் அதே இதழின் பின்புறத்தில் இடம்பெற்றது.

இச்செயலை மாபெரும் புரட்சி என்று போற்றியோர் பலர். அக்கட்டுரை உண்மையிலேயே சலிப்பானதாக இருக்கலாம். விளம்பரத்துக்காகவே கொடுக்கப்படும் பேட்டிகள் அனைத்தையும் பொறுமையோடு வாசிக்கவேண்டும் என்று நாமும் சொல்லமாட்டோம். கார்சனின் பக்கங்களிற் சில அக்கால இசையின் உடைவையும் இரைச்சலையும் உண்மையாகவே காட்டின. எனினும் ஒரு கேள்வியை விலக்க முடியாது. கட்டுரை பயனற்றதாயின் அதை நீக்குவது ஆசிரியர் குழுவின் கடமை. பயனுள்ளதா இல்லையா என்று தீர்ப்பது வாசகரின் உரிமை. பக்க அமைப்பாளர் அவ்விரண்டையும் தாமே எடுத்துக்கொண்டபோது, வாசகருக்கு எஞ்சியது பார்க்கும் வேலை மட்டுமே. எமது மாணவன் சொன்ன விடை இங்கேதான் முழு உருவம் பெற்றது.

எப்படி அமைப்பது என்ற கேள்விக்கு முன்னே, யாருக்கு அமைப்பது என்ற கேள்வி நிற்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையிலிருந்தே ரொக் பிறந்தது. இருந்தும் அதன் முதன்மைச் சஞ்சிகைகளின் விசாலமான பக்கங்களை நெடுங்காலம் ஆண்டவர் வெள்ளையின ஆண்களே. 1988இல் ஹாவார்ட் மாணவர் இருவர் தொடங்கிய ‘த சோர்ஸ்’ ஹிப்-ஹொப் இசைக்கென ஒற்றைத் தாளாகவே வெளிவந்தது. குவின்சி ஜோன்ஸ் நிறுவிய ‘வைப்’ 1993இல் முறையாக வரத்தொடங்கிய பின்னரே, பளபளப்பான தாளில் பெரிய உருவப்படமும் நீண்ட கட்டுரையும் கறுப்பினக் கலைஞருக்கு வழக்கமாகக் கிடைக்கலாயின.

இது பழங்கதையன்று. 2023இல் யான் வெனர் தம் பேட்டிகளைத் தொகுத்து வெளியிட்ட நூலில் இடம்பெற்ற எழுவரும் வெள்ளையின ஆண்கள். ஏன் என்று நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை வினவியபோது, கறுப்பினக் கலைஞரும் பெண் கலைஞரும் அந்த அறிவுத் தளத்திற் போதிய சொல்வன்மை உடையவரல்லர் என்னும் பொருள்படப் பேசினார். எதிர்ப்பு எழவே மன்னிப்புக் கேட்டார். தாம் உருவாக்க உதவிய ரொக் இசைப் புகழ் மண்டப நிறுவனத்தின் பணிப்பாளர் சபையிலிருந்தும் நீக்கப்பட்டார். ஒருவருக்குப் பேச இடங்கொடாதிருந்துவிட்டு, அவருக்குப் பேச வராது என்று கூறுவது எந்த நாட்டு ஆதிக்க வகுப்பாருக்கும் பழகிய வாதம். நம் ஊர்களிலும் அதனை நாம் கேட்டிருக்கின்றோம்.

‘ரே கன்’ 2000ஆம் ஆண்டில் நின்றது. அதே ஆண்டில் ‘மெலடி மேக்கர்’ தன் போட்டியாளருடன் இணைந்து மறைந்தது. அப்போட்டியாளரான ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ வார இதழும் 2018 மார்ச்சில் அச்சை நிறுத்தியது. 2004இல் மூடப்பட்ட ‘த பேஸ்’ 2019இல் மீண்டும் வந்தது. இன்று பெரும்பாலோர் இசைபற்றி அறிந்துகொள்ளும் கைப்பேசித் திரையில் இரட்டைப் பக்கமும் இல்லை, நடுமடிப்பும் இல்லை. எனினும் எது பெரிதாகத் தோன்றும், எது தோன்றாது, எத்தனை வரிக்குப்பின் விளம்பரம் குறுக்கிடும் என்பனவற்றை எங்கோ இருந்து எவரோ தீர்மானித்துக் கொண்டுதான் இருக்கிறார். பழைய பக்க அமைப்பாளரின் பெயரையாவது இதழில் அச்சிட்டார்கள்.

எழுத்து மட்டும் நிறைந்த, படமற்ற, உலர்ந்த பக்கங்களை நாம் வேண்டி நிற்கவில்லை. முற்போக்குக் கருத்தை அழகின்றி அச்சிடுவதே நேர்மை என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அதுவும் வாசகரை அவமதிப்பதே. நாம் வேண்டுவது ஓர் உரைகல். இந்தப் பக்கத்தில் கலைஞரின் சொல் வாசகரைச் சேர்கிறதா? அவருடைய உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறதா? 1967இன் அமைதியான நிரல்களும், வூட்வேர்ட், அண்டர்சன் ஆகியோரின் எழுத்துச் சித்திரங்களும் தோற்றத்தில் வேறுபட்டவை. ஆனால் தம் சிறந்த பக்கங்களில் இரண்டும் இவ்வுரைகல்லில் தேறுகின்றன.

இவற்றையெல்லாம் எமது மாணவருக்கு ஒரு மாலையில் எடுத்துக் கூறினோம். பெரிய படத்தை விட்டுவிடுமாறு நாம் கேட்கவில்லை. அவர்களாகவே கூடிப் பேசி, படத்தை இடப்பக்கத்துக்கு நகர்த்தினர். தவிலும் இரு கைகளும் மடிப்பில் அகப்படாது முழுமையாகத் தெரிந்தன. வலப்பக்கத்தில் வெண்தாளிற் கறுப்பெழுத்தாகப் பேட்டி. சீமெந்து குழைத்த மாதங்கள் பற்றிய வாசகத்தை எங்கே வைப்பது என்று நெடுநேரம் வாதம் நடந்தது. பெரிய எழுத்தில் தனியே பிரித்துப் போடவேண்டும் என்றான் ஒருவன். அவர் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார் என்றாள் பேட்டி கண்ட மாணவி. இறுதியில் அது இருந்த இடத்திலேயே இருந்தது.

மலர் வெளியான பின் ஒரு பிரதியைக் கொண்டுசென்று வித்துவானிடம் கொடுத்தோம். படத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பின்னர் மூக்குக்கண்ணாடியை எடுத்துவரச் சொல்லிவிட்டு, திண்ணையில் அமர்ந்து முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.